ராணிக்கு வாய் வைத்த கதை

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் இது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். "அம்மா, ஸ்கூல்ல எழுதித் தருவீங்களே, அதே மாதிரி எழுதி அனுப்பிடுங்க. நான் பாடமாக்கிக்கிறேன்" என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. போனை வைத்த கையோடு உன் பழைய ஸ்கூல் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அரைப் பக்கம் எழுதியதும் அப்பாவைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன். அதில் நீ கல்யாணப் பெண் சாந்தினியைப் பார்த்து, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்போம் என்கிறாய். மாதம் ஒரு தடவையாவது தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அம்மாவோடு இரண்டு நாள் தங்குவோம் என்கிறாய். அப்பா முழுதும் கேட்டார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "கல்யாணம் அவனுக்கா, ஒனக்கா?" என்றார்.

மறுபடி வாசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது சரிதான். என் மனதில் இருப்பதை எல்லாம் உன் வாயில் வைத்து எழுதியிருந்தேன். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆகவே நீ கேட்ட பேச்சு வராது. அதற்குப் பதிலாக, ஏன் வராது என்பதை எழுதுகிறேன். பிள்ளைக்காம்பராவில் முப்பது வருஷம், வேலைக்குப் போகும் மற்றவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்தவள் நான். சுருக்கமாகப் பேச எனக்கு எப்போதும் வந்ததில்லை. எல்ல டவுனில் உன் ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து வாசி.

உனக்கு ஏழு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், "எங்க வலிக்குது தம்பி?" என்று. நான் முந்திக்கொண்டு, "வயித்துலங்க ஐயா. கொய்யாக்காயா தின்னுருக்கான்" என்றேன். எப்படி வலிக்கிறது என்று கேட்டார். "சுருட்டிச் சுருட்டிப் பிடிக்குதுங்க" என்றேன். அவர் பூச்சி மருந்து கொடுத்தார். திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று, "அம்மா, எனக்குக் காதுதான் வலிக்குது" என்றாய். "அத அங்கேயே சொல்றதுக்கு என்ன?" என்று அதட்டினேன். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றாய். இதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரித்தேனே தவிர, திருந்தவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் உன்னை என்ன படிக்கிறாய் என்று கேட்டால் நான் சொல்வேன். எது பிடிக்கும் என்று கேட்டாலும் நான்தான் சொல்வேன். தமிழ்த் தினப் போட்டிக்கு உன் பேச்சை எழுதி, எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்றுகூடப் பக்கத்தில் குறித்துக் கொடுப்பேன். நீ பரிசு வாங்கி வந்தாய். அந்தக் கோப்பைகளை நான் துடைத்துத் துடைத்து வைத்ததற்கு இப்போது காரணம் புரிகிறது. அவை என்னுடையவை.

வீட்டில் இப்படி இருந்த நான் வெளியே எப்படி இருந்தேன் என்பதுதான் வேடிக்கை. நீ பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் தோட்டத்தில் மாதர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். தலைவியாக இருக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். தோட்டத் தலைவர் ராமையா மாமா நேராகப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். மழை இல்லாத நாளிலும் கக்கத்தில் குடை இடுக்கிக்கொண்டு நடப்பாரே, அதே குடையோடு. "மருமகளே, நீதான் தலைவி. ஒண்ணும் பயப்படாத. எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் நான் பேச வேண்டியதை அவர் எழுதித் தருவார், நான் வாசிப்பேன். எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் வேகமாக வாசித்தால் ஒரு தடவை இருமுவார். நிறுத்தி வாசிப்பேன். தாளில் இல்லாத ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்தால் இரண்டு தடவை இருமுவார். உட்கார்ந்துவிடுவேன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ வலி வந்த பிள்ளைகளை ராத்திரி பகல் பாராமல் லொறி பிடித்து ஏற்றி அனுப்பியவர். ஆனால் எல்லாருக்காகவும் பேசிப் பேசி, எல்லாருக்காகவும் நினைக்கவும் தொடங்கிவிட்டார். நானோ புதுச் சேலையும் முன்வரிசை நாற்காலியும் கிடைத்த மகிழ்ச்சியில் ஒன்றையும் கவனிக்கவில்லை.

அந்த வருஷம்தான் உங்கள் ஸ்கூல் ஆங்கில தினத்துக்கு நிழல் பொம்மை நாடகம் போடச் சொன்னார்கள். உங்கள் இங்கிலீஷ் மிஸ் ஏதோ புத்தகத்திலிருந்து தோல் பொம்மைகளின் படங்களைக் காட்டினார்களாம். நமக்குத் தோலுக்கு எங்கே போவது? பதுளையிலிருந்து அப்பா வாங்கி வந்த பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டினாய். விளக்குமாற்றுக் குச்சிகளைக் கை கால்களுக்குக் கட்டினாய். வழக்கம்போல நான் ஒரு கதை எழுதி நீட்டினேன், மானும் புலியும் என்று. நீ அதை வாங்கிப் புத்தகப் பையில் வைத்தாய். "நல்லா இருக்கும்மா" என்றாய். அதற்குப் பிறகு அந்த மானையும் காணவில்லை, புலியையும் காணவில்லை. முதல் தடவையாக நீயே ஒரு கதை எழுதியிருந்தாய். அதுவும் இங்கிலீஷில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாக்கால் மறைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டி, பின்னால் பல்பு எரியவிட்டு ஒத்திகை பார்த்தீர்கள், நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும். நான் பொம்மை ஆட்ட உதவுகிறேன் என்று துணிக்குப் பின்னால் வந்தேன். "நீங்க முன்னாடி உக்காருங்கம்மா" என்று அனுப்பிவிட்டாய். லயத்து வரிசை வீடுகளின் சனம் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு ராணி வந்தாள். கிரீடம், நீளமான சேலை. அவள் பின்னால் ஒரு மந்திரி. ராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. திடீரென்று மந்திரி இரண்டு தடவை இருமினான். ராணி சட்டென்று உட்கார்ந்தாள். மந்திரியின் கக்கத்தில் குடை.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து வீட்டுச் சரசு சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். இங்கிலீஷ் தெரியாத எனக்கு அந்த இருமல் நன்றாகப் புரிந்தது. எல்லாரும் போன பிறகு, "யாரு அந்த ராணி?" என்று கேட்டேன். "கதைம்மா" என்றாய். "கதையில எதுக்குக் குடை?" என்றேன்.  கொப்பியை எடுத்து வந்து, மிஸ் எழுதிப் போட்டதைக் காட்டினாய். "இங்கிலீஷ்ல பப்பட்னா பொம்மை மட்டும் இல்லம்மா. பேப்பர்ல ஒரு தலைவரைப் பப்பட்னு எழுதினா, அவரு பேசுறாரு, கையெழுத்துப் போடுறாரு, ஆனா ஆட்டுற கை பின்னாடி வேற ஒருத்தருதுன்னு அர்த்தம்."

"அதத்தான் நாமளும் தலையாட்டிப் பொம்மைன்னு சொல்றோமே" என்றேன்.

"அது தலையை மட்டுந்தான் ஆட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சுதான் ஆட்டும். இது தானே பேசுற மாதிரி இருக்கும். பாக்குறவங்களுக்கு நிழல் மட்டுந்தான் தெரியும். சில நேரம் அந்தப் பொம்மைக்கே தெரியாதுன்னு மிஸ் சொன்னாங்க."

கடைசியாகச் சொன்னதை நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். ராணியை உன் கையிலிருந்து பிடுங்கினேன். குச்சியோடு சேர்த்து அவளுடைய கையை முறித்து, தலையையும் கிழித்துக் கீழே போட்டேன். நீ அழுதால் இரண்டு அடி கொடுத்திருப்பேன். நீ அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனாய். மூன்று கிழமை பாடுபட்டு நீ செய்த முதல் சொந்த வேலை அது, தம்பி. அதற்கு அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மறுநாள் அப்பா தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தப் பக்கமும் சேராத மனிதர். உன்னையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. மெல்லிய கம்பியை வளைத்துக் கையைப் பூட்டினார். கிழிந்த தலைக்குப் புது மட்டை வெட்டினார். முடித்துவிட்டு என்னிடம்தான் காட்டினார். "இந்தா பாரு. முன்ன இவளுக்குக் கை மட்டுந்தான் அசைஞ்சுச்சு. இப்ப வாயும் அசையும்." கீழே ஒரு கம்பியை இழுத்தால் ராணியின் தாடை இறங்கி ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று குசினிக்குள் அடுப்படியில் போய்ச் சிரித்தேன்.

ஆங்கில தினத்தன்று பஸ் ஏறி ஸ்கூலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், உனக்குச் சொல்லாமல். மந்திரி இரண்டு தடவை இருமினான். ராணி உட்காரவில்லை. வாயைத் திறந்து ஒரே ஒரு வரி சொன்னாள். மண்டபம் கைதட்டியது. பக்கத்திலிருந்த ஒரு பிள்ளையிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நீங்க இருமுங்க, நான் பேசுறேன்னு சொல்றா ஆண்ட்டி" என்றாள். உங்களுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. நான் எழுதிக் கொடுத்தவை எல்லாம் முதலாம் இடம் வாங்கின. அந்த இரண்டாம் இடம் கிடைத்தபோது உன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்கு முன் எந்த முதலாம் இடத்திலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த கிழமை, புது வீடுகள் கட்டும் இடத்தை முடிவு செய்யப் பதுளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்தை நீ கேட்டதில்லை. நாற்பது குடும்பத்துக்கு வீடு. இடம், பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருந்த சரிவு. ரோட்டுக்குக் கிட்ட, லொறி போக வசதி. சீக்கிரம் அடிக்கல் நாட்டிவிடலாம் என்று மாமாவுக்கு அவசரம். மாதர் சங்கமும் சம்மதிக்கிறது என்று நான் வாசிக்க வேண்டும். அந்தச் சரிவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராவின் தரை உள்ளிருந்தே கசியும். குழந்தைகளைப் படுக்க வைக்கும் பாயை நாளுக்கு ஐந்து தடவை மாற்றுவேன். பின்சுவரில் ஒரு வெடிப்பு, முதல் வருஷம் நகம் நுழைந்தது, பிறகு பென்சில் நுழைந்தது. மூன்று தடவை மாமாவிடம் சொன்னேன். மூன்று தடவையும், "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீ வாசி மருமகளே" என்றார்.

கோயில் முற்றத்தில் கூட்டம். வந்தவர்களில் மூத்த அதிகாரி சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். நான் எழுந்து தாளை விரித்தேன். முதல் வரியை வாசித்தேன். "எமது மாதர் சங்கம் மனப்பூர்வமாக" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தாளை இரண்டாக மடித்தேன். "மாத்தயா, இதை எழுதினது நான் இல்லைங்க. நான் சொல்ல வேண்டியது வேற இருக்கு" என்றேன். பின்னால் இரண்டு இருமல் கேட்டது. என் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது, அத்தனை பழக்கம். மறுபடி இரண்டு, கொஞ்சம் பலமாக. உன் ராணி சொன்னதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பெரிய மனிதர், சொல்ல மனம் வரவில்லை. "மாமாவுக்கு யாராச்சும் குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன். முற்றமே சிரித்தது. சிரிப்பில் என் பயம் போய்விட்டது.

பேசிப் புரிய வைக்க எனக்கு நம்பிக்கை இல்லை. "ஒரு தரம் வந்து பாருங்க" என்று அந்த அதிகாரியைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிப் போனேன். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. "மாத்தயா, சப்பாத்தைக் கழட்டிட்டு இந்த இடத்துல நில்லுங்க" என்றேன். நல்ல மனிதர், கழற்றினார். நின்றார். ஒரு நிமிஷத்தில் குனிந்து தன் காலைப் பார்த்தார். பாதத்தை மூடியிருந்த மேசு இரண்டும் நனைந்திருந்தன. "இதுக்கு மேலதான் வீடு கட்டப் போறீங்க" என்றேன். அவர் பின்சுவருக்குப் போய் வெடிப்பில் தன் பேனாவை விட்டுப் பார்த்தார். மூடியோடு நுழைந்தது.

அதற்குப் பிறகு மண் சோதிக்கிறவர்கள் வந்தார்கள். அங்கே வீடு கட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேறு இடம் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தை நான் உன்னிடம் காட்டிக்கொண்டதில்லை. ஒழுகுகிற லயத்தில் சட்டி வைத்துக்கொண்டு சரசு, "நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நாங்க இந்நேரம் புது வீட்டுல இருந்திருப்போம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. சொந்தமாகப் பேசினால் அதன் விளைவும் சொந்தமாகத்தான் வந்து சேரும். தாளை வாசித்த காலத்தில், தப்பு நடந்தால் மாமா எழுதியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இப்போது சொல்ல ஆள் இல்லை. எத்தனையோ நாள் நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குழந்தைகளின் பாயை மாற்றும்போது, சொன்னது சரிதான் என்று கை எனக்குச் சொன்னது.

கடைசியில் ஸ்கூல் ரோட்டுப் பக்கம் வீடு வந்தது. பிள்ளைக்காம்பராவையும் அங்கேயே மாற்றினார்கள். சரசுவின் வீடு நம் வீட்டுக்கு அடுத்தது. அவள் குடி புகுந்த அன்று பால் பொங்கியதும் முதல் டம்ளரை எனக்குத்தான் கொண்டு வந்தாள். மாமா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "நீ பேசினது சரி மருமகளே. எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். "மூணு தரம் சொன்னேன் மாமா" என்றேன். "அப்படியா?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அந்தச் சரிவு இன்றுவரை இடியவில்லை. இப்போதும் என்னைக் கண்டால், "மேடு அப்படியே நிக்குது பாத்தியா?" என்று கிண்டல் செய்வார். "நிக்கட்டும் மாமா, நல்லதுதானே" என்பேன்.

இத்தோடு நான் பாடம் படித்துவிட்டேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். உனக்கு ஏ.எல். பரீட்சை முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதியது யார்? உன் விருப்பம் என்ன என்ற இடத்தில், "சிறு வயது முதலே ஆசிரியர் பணியில் ஆர்வம்" என்று என் கையெழுத்தில் எழுதினேன். நீ ஒரு வருஷம் போனாய். ஒரு விடுமுறையில் வந்து, என்னைக் குசினியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, நீயே சமைத்துப் பரிமாறினாய். கோழிக்குழம்பும் ஒரு பச்சடியும். அப்பா மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோது, "அம்மா, நான் ஹோட்டல் வேலை பழகப் போறேன்" என்றாய். ஊரே கேட்ட கூட்டத்தில் நிமிர்ந்து பேசிய நான் அதற்கு மூன்று நாள் அழுதேன். என்னை ஆட்டுகிற கையைக் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆட்டுகிற கை என்னுடையதாக இருந்தபோது அதைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கானது. அன்பு அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அந்தக் கை தெரிவதில்லை, தம்பி. இதை மட்டும் உன் கல்யாண வாழ்க்கைக்கு எடுத்துக்கொள். நீயும் என் பிள்ளை. அவளுக்கு எது நல்லது என்று உனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும் என்று ஒருநாள் தோன்றும். அப்போது எழுந்து போய் வெங்காயம் உரி.

சாந்தினியைப் பார்க்க அப்புத்தளைக்குப் போன அன்று, நான் என்ன கேட்டாலும் அவளுடைய அம்மாதான் பதில் சொன்னார்கள். பிள்ளை தபால் கந்தோர் வேலையில் இருந்தாலும் விடியற்காலையே எழும்பி வீட்டு வேலை எல்லாம் செய்துவிடும் என்றார்கள். எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துவிட்டது, என்னைப் போலவே இருந்தார்கள். "நீ சொல்லும்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். "எனக்கு வெள்ளன எந்திரிக்க முடியாதுங்க. ஏழு மணிக்கு எழுப்புனாலே கோவம் வரும்" என்றாள். அப்பா ரொட்டித் துண்டை விழுங்க முடியாமல் சிரித்தார். நீ அவளை அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாய். அதை நான் பார்த்தேன்.

நேற்று அவள் எனக்குப் போன் பண்ணினாள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்று நீ எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாயாமே. அது பற்றி அவளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "அத்தை, நீங்க அவருகிட்டச் சொல்லிடுங்களேன். நீங்க சொன்னாக் கேட்பாரு" என்றாள். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? எப்படித் தொடங்கலாம் என்றுகூட மனதுக்குள் இரண்டு வரி ஓடிவிட்டது. "இல்லம்மா, நீயே சொல்லு" என்றேன். "பயமா இருக்கு அத்தை" என்றாள். "பயத்தோடயே சொல்லு. கூட்டத்துல நான் அப்படித்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் இன்னும் சொல்லியிருக்க மாட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே அவளைக் கூப்பிடு. என்ன விஷயம் என்று கேள். நடுவில் நின்றால், மிச்சத்தை நீ சொல்லி முடிக்காதே, காத்திரு. அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தாளில் இன்னும் நாலு வரிக்கு இடமும் இருக்கிறது. எழுத மாட்டேன்.

அம்மா